அடுக்களையும் கிணற்றடியும் கற்பித்தவை

ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு ஒரு குறை உண்டு. நாள் முழுதும் பிறர்க்கு எடுத்துரைத்துக்கொண்டே இருப்பதனால், தாம் கேட்டறிய வேண்டியவை இன்னும் எத்தனையோ உள என்பது அவர்களுக்கு எளிதில் மறந்துபோகும். அக்குறைக்கு ஒரு பரிகாரமாக நாம் சில ஆண்டுகளாக ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகின்றோம். எமது மேசை லாச்சியில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று கிடக்கின்றது. புதிதாக ஏதேனும் அறிய நேர்ந்தால், அஃது எத்துணைச் சிறிய சங்கதியாயினும், அன்றிரவே அக்கொப்பியிற் குறித்துவைப்போம். பட்டப்படிப்புக்குரிய பெரிய விடயங்கள் அதில் இடம்பெறுவதில்லை. கேத்தில், மஞ்சட் கறை, பழஞ்சோறு, பூச்சாடியின் கீழ் வைக்கும் தட்டு என்பன போன்ற பொருள்களே பக்கங்களை நிறைத்துள்ளன.

இவ்வாரம் எழுதுதற்கு யாது பொருள் என ஆராய்ந்தபோது, அக்கொப்பியின் அண்மைப் பக்கங்களையே வாசகர் முன் விரித்துவிடலாம் என்று தோன்றிற்று. கீழே வருவன ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும். ஆயினும், படித்துச் செல்லுங்கால் அவற்றை இணைக்கும் ஓர் இழை புலப்படும். அதனை ஈற்றிற் சொல்லுவோம்.

தாளின் கணக்கு

முதற் குறிப்பு வகுப்பறையிற் பிறந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், ஏ 4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர், அகலம் 210 மில்லிமீற்றர் என்று சொல்லுகின்றார்கள். 300, 200 என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே?" என வினவினான். வகுப்புச் சிரித்தது. வினா நல்ல வினா என்பதனால், விடையைத் தேடிப் பிடித்து மறுநாள் கொண்டுசென்றோம்.

ஒரு தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் அதன் வடிவம் பெரும்பாலும் மாறிவிடும். அகன்றிருந்தது ஒடுங்கியதாகவோ, ஒடுங்கியிருந்தது அகன்றதாகவோ ஆகும். எத்தனை முறை மடித்தாலும் வடிவம் மாறாதிருக்க வேண்டுமாயின், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலமாகிய 1.414 ஆக இருத்தல் வேண்டும். 297 ஐ 210 ஆற் பிரித்துப் பாருங்கள். அந்த எண்ணே வரும். இந்த விகிதத்தின் நயத்தை ஜேர்மனிய அறிஞர் லிக்டன்பேர்க் என்பவர் 1786 ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றிற் குறிப்பிட்டிருக்கின்றார். 1922 ஆம் ஆண்டில் ஜேர்மனி இதனைத் தேசிய நியமமாக ஏற்றது. பின்னர் உலகின் பெரும்பகுதி ஏற்றது. இரண்டு பக்கங்களைச் சுருக்கி ஒரே தாளிற் பிரதியெடுக்குங்கால் ஓரம் வீணாகாமல் அவை சரியாகப் பொருந்துவது இக்கணக்கினாலேயே.

இன்னுமொன்று. இவ்வரிசையின் முதலாவதான ஏ 0 தாளின் பரப்பு ஒரு சதுர மீற்றர். ஏ 4 என்பது அதன் பதினாறில் ஒரு பங்கு. கடையில் "80 கிராம் தாள்" என்று கேட்டு வாங்குகின்றோமே, அஃது ஒரு சதுர மீற்றர்த் தாளின் நிறை. எனவே ஏ 4 தாள் ஒன்றின் நிறை சரியாக 5 கிராம். தபாலிற் சேர்க்கவிருக்கும் கடிதத்தில் நாலு தாள் இருந்தால், உறை நீங்கலாக 20 கிராம் என்று தராசின்றியே சொல்லிவிடலாம். வினவிய மாணவன் இதைக் கேட்டதும் தன் பயிற்சிக் கொப்பியின் நிறையைக் கணிக்கத் தொடங்கிவிட்டான்.

மஞ்சளின் நிறமாற்றம்

இரண்டாம் குறிப்பு ஒரு விருந்துப் பந்தியில் விளைந்தது. வெள்ளை வேட்டியிற் குழம்பு சிந்துவது நம்மவர்க்குப் புதிதன்று. வீடு வந்து கறையின்மேற் சவர்க்காரம் போட்டதும், மஞ்சளாயிருந்த இடம் செக்கச்செவேலெனச் சிவந்தது. அருகில் நின்ற எம் சிறிய மகள், "அப்பா, இரத்தம்!" என்று அலறினாள்.

மஞ்சளுக்கு அதன் நிறத்தைத் தருவது குர்க்குமின் என்னும் பொருள். அமிலமும் நடுநிலையும் உள்ள இடத்தில் அது மஞ்சளாயிருக்கும். காரத்தைச் சந்தித்தாற் செந்நிறமாகும். துணி தோய்க்கும் சவர்க்காரம் காரத்தன்மை உடையது. சிவந்த இடத்திலே தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். நம் முன்னோர் மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்தமையும் இந்த நிறமாற்றத்தாலேயே. பூசையறையிலிருந்த இரசாயனத்தை நாம் ஆய்வுகூடத்திலே தேடிக்கொண்டிருக்கின்றோம்!

கறையைப் போக்க வழி யாதெனில், தோய்த்தபின் நல்ல வெயிலில் விரித்துக் காயவிடுவதே. குர்க்குமின் ஒளி பட்டாற் சிதைந்துவிடும் இயல்பினது. இரண்டு மூன்று நாள் வெயிலிற் கறை மங்கி மறையும். மாணவர்கள் இதனைக்கொண்டு செலவில்லாத ஆய்வொன்றும் செய்யலாம். மஞ்சட் கரைசலில் வெள்ளைத் தாளைத் தோய்த்து நிழலில் உலர்த்தித் துண்டுகளாக வெட்டிவைத்தால், அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறிய ஒரு காட்டி ஆயத்தம். அப்பச்சோடாக் கரைசலைச் சற்றுக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அத்தாளில் ஒரு துளி இடுங்கள். விடை உடனே தெரியும்.

கேத்திலிற் படியும் கல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்தவர்க்குக் கேத்திலின் உட்புறம் வெண்மையாகப் பொருக்குப் பிடித்திருக்கும் காட்சி நன்கு பழக்கமானது. கொழும்பிலே குடியிருக்கும் உறவினர் வந்தால், அதைப் பார்த்துவிட்டுத் தேநீரைச் சந்தேகத்தோடு அருந்துவர். அப்பொருக்கு யாது?

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மெல்லிய அமிலமாகிக் கீழிறங்குகின்றது. அவ்வாறு இறங்குங்கால் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகின்றது. அந்நீரைக் கொதிக்கவைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிக் கேத்திலின் சுவரிற் படிகின்றது. ஆகவே, கேத்திலினுள் இருப்பது அழுக்கன்று. நாம் நிற்கும் நிலத்தின் ஒரு துணுக்கேயாம். சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் இதே கல்சியத்தினால்தான். வினாகிரியையோ தேசிக்காய்ப் புளியையோ நீரிற் கலந்து அரைமணி நேரம் கேத்திலில் ஊறவிட்டுக் கழுவினாற் பொருக்குக் கரைந்துபோகும். சுரண்ட வேண்டியதில்லை.

இக்குறிப்பை எழுதி முடித்தபோது மற்றொரு கேள்வி எழுந்தது. கொதிக்கவைத்தாற் சுண்ணாம்பு பிரிகின்றது, கிருமிகளும் மடிகின்றன. அப்படியாயின், கொதித்த நீரில் எல்லாத் தீங்கும் நீங்கிவிடுமா? இல்லை என்பதே விடை. தோட்டங்களுக்கு அளவுமீறி இடும் உரத்திலிருந்தும், மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று என்னும் உப்பு நிலத்தடி நீரிற் சேர்கின்றது. அது கொதிக்கவைப்பதனால் நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதனால், எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ள எல்லை ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராம். குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை விஞ்சப்பட்டுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறு குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து மிகுதி. அவர்களின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். தோட்டக் கிணற்று நீரிற் குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டினர், அந்நீரை ஒருமுறையேனும் பரிசோதிப்பித்தல் நன்று.

கிணற்றின் அடியில் கடல்

நீரைப் பற்றிய குறிப்பு இன்னும் முடியவில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையே எமது பெருஞ் செல்வம். அந்த மழைநீர் நிலத்துள் இறங்கி எங்கே தங்குகின்றது? நாற்புறமும் கடல் நெருங்கியுள்ள இந்நிலத்தின் அடியிலும் கடல்நீர் பரவியுள்ளது. நன்னீர் அடர்த்தி குறைந்தது. ஆதலின் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. ஒல்லாந்தரான கைபன் என்பவர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவர் 1901 இலும் தனித்தனியே இதனை வெளியிட்டனர். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சியாயிருக்கின்றது. ஆனால் கணக்கைத் திருப்பிப் படியுங்கள். மிகையாக இறைத்து நீர்மட்டத்தை 1 அடி நிலையாகத் தாழ்த்திவிட்டால், கீழேயுள்ள உவர்நீர் 40 அடி மேலெழ முயலும். பாறையின் வெடிப்புக்களுக்கேற்ப இக்கணக்கு இடத்துக்கிடம் மாறுபடும்; போக்கு இதுவே.

துலாவில் ஏறி மிதித்து நீர் இறைத்த காலத்தில் மனிதனின் மூச்சே அளவுகோலாயிருந்தது. களைத்ததும் நிறுத்தினார்கள், அதற்குள் கிணறு ஊறிக்கொண்டது. கைபனையும் ஹேர்ஸ்பேர்க்கையும் அறியாமலே எம் பாட்டன்மார் அவர்களின் விதியைக் காத்து வந்தனர். இன்று ஆளியைத் தட்டினால் இயந்திரம் களைப்பின்றி இறைக்கின்றது. ஊர்தோறும் இருந்த கேணிகளும் குளங்களும் மழைநீரை நிலத்துக்கு ஊட்டிய வாய்கள். அவற்றைக் குப்பையால் மூடி, மறுபுறத்தில் இயந்திரத்தால் உறிஞ்சினால் விளைவு யாதாகும் என்பதற்குக் கணக்கு ஆசிரியர் வேண்டியதில்லை. ஒருமுறை உவரான கிணறு மீண்டும் இனிமையாக எத்தனையோ மாரிகள் வேண்டும்.

பழஞ்சோற்றுக்கு வந்த மதிப்பு

இனி அடுக்களைக்கு வருவோம். பழஞ்சோற்றை ஏழையின் உணவென்று இகழ்ந்த காலமும் உண்டு. சோற்றை ஆறவைத்துக் குளிரச் செய்தால், அதிலுள்ள மாப்பொருளின் ஒரு பகுதி இறுகிச் சிறுகுடலில் எளிதிற் செரிக்காத வடிவத்தை எடுக்கின்றது என்பதை இப்போது அறிகின்றோம். செரிக்காத பகுதி சீனியாக மாறிக் குருதியிற் சேர்வதில்லை. மீண்டும் சூடாக்கினாலும் அப்பகுதி முற்றாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

இவ்விடயத்தில் எம் நாட்டவர்க்கு ஒரு பெருமை உண்டு. கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் சுதேர் ஜேம்ஸ், அவர்தம் வழிகாட்டி கலாநிதி புஷ்பராஜா தவராஜா ஆகிய இருவரும் இலங்கையின் 38 வகை அரிசிகளை ஆராய்ந்து, 2015 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரிலே கூடிய அமெரிக்க இரசாயனக் கழக மாநாட்டில் தம் முடிபுகளை வெளியிட்டனர். அவர்தம் முறை எளியது. கொதிநீரில் அரைக் கோப்பை அரிசிக்கு ஒரு தேக்கரண்டி அளவு தேங்காயெண்ணெய் விட்டுச் சமைத்து, பின்னர் 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல். அவ்வாறு செய்யுங்கால் செரிக்காத மாப்பொருளின் அளவு பன்மடங்கு பெருகியது. இஃது ஆய்வுகூட முடிபு. இதனை நம்பி நீரிழிவு நோயாளர் மருந்தைக் குறைத்தல் கூடாது. எனினும், பாட்டியின் பானையில் ஆராயத்தக்க ஒன்று இருந்தது என்பது உறுதி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. சோற்றிலே தங்கும் ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் மடிவதில்லை. சமைத்த சோற்றை நீண்ட நேரம் வெளியே வெதுவெதுப்பாக விட்டால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. ஆதலின் எஞ்சிய சோற்றை ஓரிரு மணி நேரத்துள் ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

உப்பும் சீனியும்

அடுத்த குறிப்பு, கிராமத்துச் சிகிச்சை நிலையமொன்றிலே தாதி ஒருவர் இளந்தாய் ஒருத்திக்கு விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டு எழுதியது. குழந்தைக்கு வயிற்றோட்டம். "அம்மா, வெறும் தண்ணீர் கொடுத்தேன், நிற்கவில்லை" என்றாள் தாய். "தண்ணீரை உள்ளே கூட்டிக்கொண்டு போக இரண்டு பேர் வேண்டும் பிள்ளை. ஒருவர் உப்பு, மற்றவர் சீனி. இருவரும் சேர்ந்து வந்தால்தான் குடல் கதவைத் திறக்கும்" என்றார் தாதி. இதனினும் தெளிவாக ஒரு பேராசிரியரும் சொல்லியிருக்க முடியாது.

குடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோசையும் இணைத்தே உள்ளிழுக்கும் வாயில்கள் உள்ளன. அவை இரண்டும் நுழையும்போது நீரும் தொடர்ந்து செல்லும். கடும் வயிற்றோட்டத்திலும் இவ்வாயில்கள் பழுதடைவதில்லை. இதனை 1960 ஆம் ஆண்டில் றொபேட் கிறேன் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துரைத்தார். 1971 இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் பொங்கான் என்னும் ஊரிலே வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தனர். நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோயிற்று. வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோசு, சோடா ஆகியவற்றை அளந்து நீரிற் கலந்து, நோயாளரின் உறவினரைக் கொண்டே பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த மரணம் நூற்றுக்கு நாலிலும் குறைவாக வீழ்ந்தது. 2022 இற் காலமான அப்பெரியாரின் பெயரை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

இக்கலவையே நம் நாட்டில் 'ஜீவனி' என வழங்குகின்றது. பொதியை அதிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்க வேண்டும், கரைத்தபின் கொதிக்கவைக்கலாகாது, 24 மணி நேரம் கடந்தால் ஊற்றிவிட வேண்டும். பொதி கிடையாத வேளையில், ஒரு லீற்றர் நீருக்குச் சீனி 6 மட்டத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. அளவே இங்கு உயிர். உப்பு மிகுந்தாற் குழந்தைக்கு ஆபத்து. சீனி மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைப் பெருக்கும். இனிப்புச் சோடாவைப் பருக்குவது தீங்காவதன் காரணமும் இதுவே.

காய்ந்த வாளியிற் காத்திருக்கும் உயிர்

இறுதிக் குறிப்பு மற்றெல்லாவற்றினும் அவசரமானது. எமது ஒழுங்கைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், வளவுகளைப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு வீட்டு முதியவர், "தம்பி, நாங்கள் வாளித் தண்ணீரை எல்லாம் ஊற்றிக் கவிழ்த்துப்போட்டோம்" என்றார். "நல்லது ஐயா. தும்புத்தடியால் உட்புறத்தை உரஞ்சினீர்களா?" என்று பரிசோதகர் கேட்டார். அக்கேள்வியின் பொருளை அன்றிரவே தேடிப் படித்தோம்.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டைகளை நீரின்மேல் மிதக்கவிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டிவைக்கின்றது. நீரை ஊற்றிவிட்டாலும் முட்டைகள் சுவரிலேயே இருக்கும். காய்ந்து கிடந்தாலும் பல மாதங்கள், எட்டு மாதம் வரையிலும், அவை உயிரோடிருக்க வல்லன. அடுத்த மாரியின் முதல் மழை பாத்திரத்தை நிரப்பியதும் குடம்பிகள் வெளிப்படும். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ ஒரு கிழமை முதற் பத்து நாள்வரை செல்லும். ஆதலின் கிழமைக்கு ஒரு முறை உரஞ்சிக் கழுவுக என்று சொல்லுகின்றனர். சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்து நீர்த்தட்டு, கூரைப்பீலி ஆகியவை யாவும் இக்கணக்கில் அடங்கும்.

2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக்கு ஆளாயினர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவருட் பலர் ஏதோவொரு வீட்டின் பிள்ளைகள். எனவே இன்னும் இரண்டு செய்திகளை இங்கே சேர்த்தல் கடன். டெங்கு என ஐயுறும் காய்ச்சலுக்குப் பரசிற்றமோலை மட்டும் உரிய அளவிற் கொடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை குருதிப்பெருக்கை உண்டாக்கும் ஆதலின் தொடவே கூடாது. மற்றது, காய்ச்சல் தணியும் நாளே ஆபத்து நாளாகலாம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடற்சூடு இறங்கும் வேளையிலேயே குருதிநாளங்களிலிருந்து நீர்ப்பாயம் கசியத் தொடங்கும். "காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று பெற்றோர் மூச்சுவிடும் அந்நேரத்தில், வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, கைகால் குளிர்தல், குருதிக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

எப்படியும் ஏனும்

தொடக்கத்திற் குறித்த இழைக்கு இப்போது வருவோம். மேலே கண்டவற்றுள் பெரும்பாலானவற்றின் 'எப்படி' எம் வீடுகளில் முன்னரே இருந்தது. கறையை வெயிலிற் காயவிட்டார்கள்; அளவோடு இறைத்தார்கள்; பழஞ்சோறு உண்டார்கள்; வாளியைக் கவிழ்த்தார்கள். அவற்றின் 'ஏன்' மட்டும் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. காலம் மாறாதிருந்தவரை அதனாற் பெரும் இழப்பு நேரவில்லை. துலா போய் இயந்திரம் வந்தபோது, மண்பானை போய்ப் பிளாஸ்டிக் வாளி வந்தபோது, வழக்கம் திசை தெரியாமல் நின்றது. காரணத்தை அறிந்தவன் இயந்திரத்தையும் அளவோடு இயக்குவான். காரணத்தை அறிந்தவள் வாளியை ஊற்றுவதோடு நில்லாமல் உரஞ்சியும் வைப்பாள்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், "சொன்னதைச் செய்" என்று வாயை அடைக்காதீர்கள். விடை தெரியாவிடின், "தேடிப் பார்த்துச் சொல்லு, நானும் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். இதனாற் பெற்றோரின் மதிப்புக் குறையாது. மாணவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். பரீட்சைக்கு வேண்டிய கொப்பிகளோடு, எந்தப் பரீட்சைக்கும் வேண்டாத கொப்பி ஒன்றையும் வைத்திருங்கள். நாளொன்றுக்கு ஒரு வரி எழுதினால் ஆண்டிறுதியில் 365 வரி சேரும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் இருப்பீர்கள். வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வளவைச் சுற்றி வாருங்கள். ஒருவர் கையிலே தும்புத்தடி இருக்கட்டும். பூச்சாடியின் கீழுள்ள தட்டை எடுத்து, அதன் ஓரத்தில் நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் கருநிறப் புள்ளிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, நன்றாக உரஞ்சிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.